"மாத்திரை போட்டாச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள்!

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் "டிரைவர்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். காரா, பஸ்ஸா என்று அவர்களாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். லாரி என்று சொன்னால் சிலர் முகத்தில் ஒரு மாதிரி பாவனை வரும். லாரிக்காரன் என்றால் குடிப்பான், கண்ட இடத்தில் தங்குவான், வீட்டை மறப்பான் என்று ஒரு நினைப்பு. இன்று அந்தக் கூச்சம் எனக்கு இல்லை. "லாரி ஓட்டறார். டில்லி லைன்" என்று நிமிர்ந்தே சொல்கிறேன். இந்த மாற்றம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பாலக்கோடு. தக்காளி மண்டிக்குப் பேர் போன ஊர். விடிவதற்கு முன்பே பெட்டி பெட்டியாகத் தக்காளி வந்து இறங்கும். விலை இருந்தால் ஊரே சிரிக்கும்; விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டிவிட்டு அழும். கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்பு வண்டிகளுக்கும் குறைவில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவராக இருப்பார். என் வீட்டுக்காரர் பதினாறு வயதில் கிளீனராக ஏறியவர். கல்யாணம் ஆகும்போது டிரைவராகிவிட்டார். கிருஷ்ணகிரியில் லோடு ஏற்றினால் பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று போய் டில்லியில் இறக்குவார். போக மட்டும் இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். திரும்பும் லோடு கிடைக்கக் காத்திருந்து, அதையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வர இருபது நாள், இருபத்தைந்து நாள் ஆகிவிடும். வந்தால் இரண்டு நாள் இருப்பார். அதில் ஒரு நாள் தூங்கியே போய்விடும்.

சட்டைப் பையில் கிடைத்த சீட்டு

2017-ல் ஒரு நாள் அவருடைய காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் கையை விட்டால் நாலாக மடித்த ஒரு சீட்டு. வியர்வையில் ஊறிப் பாதி அழிந்திருந்தது. அவர் பெயரும், வயசும், "286" என்ற எண்ணும் மட்டும் தெரிந்தன. ஏதோ லோடு கணக்காக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் மேலே "இரத்தப் பரிசோதனை" என்று இருப்பதைப் பார்த்தேன்.

"ஏங்க, இது என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நாக்பூர் பக்கம் வண்டிங்க நிக்கிற எடத்துல கேம்ப் போட்டிருந்தாங்க. சும்மா கையை நீட்டினேன்."

"எப்ப?"

பதில் இல்லை. அந்தச் சீட்டில் இருந்த தேதி ஏழு மாதத்துக்கு முந்தையது!

ஏழு மாதமாகத் தனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தும் அவர் என்னிடம் சொல்லவில்லை. இரவில் நாலு தடவை எழுந்து போனார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. "வெயில் ஜாஸ்தி, அலைச்சல் ஜாஸ்தி" என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன். இதில் என் பங்கும் உண்டு. ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு டப்பா அதிரசமும், ஒரு டப்பா கடலை உருண்டையும் கட்டிக் கொடுத்து அனுப்பியவள் நான்தானே!

ஏன் மறைத்தார் தெரியுமா? "ஓனருக்குத் தெரிஞ்சா வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. உனக்குச் சொன்னா நீ அழுவே. யாருக்கும் சொல்லாம இருந்தா வியாதியும் சும்மா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். சிரிப்பதா, அழுவதா? இவர் ஒருவர் மட்டும் இப்படியில்லை. லாரி ஓட்டும் ஆண்களில் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்பது பின்னால் மற்ற டிரைவர் வீட்டுப் பெண்களோடு பேசும்போது தெரிந்தது. வண்டியில் சின்னச் சத்தம் கேட்டால் உடனே மெக்கானிக்கிடம் விடுவார்கள். தங்கள் உடம்பில் எவ்வளவு சத்தம் கேட்டாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

நான் போலீஸ் ஆனேன்

அழுது முடித்து, டவுனில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் வீட்டில் போலீஸ். காலை எட்டு மணிக்கும், இரவு எட்டு மணிக்கும் போன் போடுவேன். "மாத்திரை போட்டாச்சா?" இதுதான் என் முதல் கேள்வி, கடைசிக் கேள்வி. போட்டாச்சு என்று சொல்கிற வரை விடமாட்டேன். அதிரச டப்பாவை நிறுத்தினேன். கடலை உருண்டை கிடையாது. டீயில் சர்க்கரை கிடையாது. என் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி 2018 ஆகஸ்டில் ஒரு காலையில் உடைந்தது. பூனாவிலிருந்து மதுரைக்கு மெஷின் சாமான் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எட்டு மணிக்கு வழக்கம்போல் கேட்டேன். என் தொல்லை தாங்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறார். தர்மபுரி தாண்டிச் சாப்பிடலாம் என்று எண்ணம். வழியில் நெரிசல், லோடு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று டிரான்ஸ்போர்ட் ஆபீசிலிருந்து போன் மேல் போன். பத்தரை மணிக்கும் வயிறு காலி.

தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைத் தெரிந்திருக்கும். லோடு வண்டி இறங்க வேண்டிய நீண்ட இறக்கம். கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியிலேயே மெதுவாக இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. அது எமனுக்குக் கடிதம் போடுவது போல! 2024 ஜனவரியில்கூட அங்கே லாரிகளும் கார்களும் மோதிக்கொண்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் இவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. உடம்பெல்லாம் வியர்வை. முன்னால் போகிற வண்டி இரண்டாகத் தெரிந்ததாம். என்ன நடக்கிறது என்றே புரியாமல், இரண்டு தடவை கியரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்.

கூட இருந்த கிளீனர் பையனுக்கு வயது பத்தொன்பது இருக்கும். அவன் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. "அண்ணே, மொதல்ல ஓரங்கட்டுங்க!" என்று கத்தினானாம். வண்டி நின்றதும் இறங்கி ஓடி, டீக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரை கரைத்து வந்து வாயில் ஊற்றினான். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு இட்லி வாங்கிக் கொடுத்தான்.

மத்தியானம் போன் வந்தது. "இன்னிக்கு நான் பொழச்சது அந்தப் பையனால. நீ மாத்திரையைக் கேட்டே. சாப்பிட்டியான்னு கேக்கலியே" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

டாக்டர் சொன்ன விளக்கம்

அந்த டிரிப் முடிந்து வந்ததும், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "என்ன வேலை பார்க்கிறார்?" என்பதுதான். நாங்கள் அதுவரை எந்த டாக்டரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

சர்க்கரைக்குத் தரும் மாத்திரைகள் எல்லாம் ஒன்று போல் வேலை செய்வதில்லையாம். சில மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்து, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். வயிறு காலியாக இருந்தால் அளவுக்கு மீறி இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, பார்வை மங்கல், எரிச்சல், பிறகு குழப்பம், மயக்கம் என்று வரிசையாக வரும். வேறு சில மாத்திரைகள் தனியாகக் கொடுத்தால் அந்த அளவுக்கு இறக்குவதில்லை. நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலை என்று தெரிந்தால் டாக்டர் அதற்கேற்ப மாற்றித் தருவார். எங்களுக்கும் அப்படித்தான் மாற்றித் தந்தார். ஆனால் சகோதரிகளே, நாமாக மாத்திரையை மாற்றுவதோ, நிறுத்துவதோ கூடாது. டாக்டரிடம் வேலையைச் சொல்ல வேண்டும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

தூக்கத்தைப் பற்றியும் அந்த அம்மா சொன்னார். பதினேழு மணி நேரம் தொடர்ந்து கண்விழித்து இருப்பவரின் கையும் மூளையும், ஓரளவு குடித்தவருடையதைப் போல மந்தமாகிவிடும் என்று 1997-லேயே ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்களாம். ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடிகிற வரைக்கும் உள்ள நேரம் மிகவும் மோசம். மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் அரை மணி ஓய்வு என்று 1961-லேயே சட்டம் எழுதினார்கள். எழுதியது ஏட்டில் இருந்தது. என் வீட்டுக்காரர் ரோட்டில் இருந்தார்.

கால் சுட்டது தெரியவில்லை

இத்தனை தெரிந்தும் இன்னொரு அடி காத்திருந்தது. 2019 நவம்பரில் அவர் வீட்டுக்கு வந்தபோது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். செருப்பைக் கழற்றினால் வலது கால் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் கொப்புளம் உடைந்து, கறுத்து, நாற்றம் அடித்தது. எனக்குத் தலை சுற்றியது. "வலிக்கலியா?" என்றால், "வலிச்சாத்தானே தெரியும்!" என்கிறார்.

பழைய லாரிகளில் எஞ்சின் சூடு நேராக டிரைவர் காலுக்கு வரும். வெயில் காலத்தில் அடித் தகடு தோசைக்கல் மாதிரி சுடும். நம் ஆட்கள் பாதிப்பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார்கள். சர்க்கரை பல வருஷம் அதிகமாக இருந்தால் கால் நரம்பு மரத்துவிடும். சுட்டாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறாது. என் வீட்டுக்காரர் சுட்ட காலோடு நாக்பூரிலிருந்து வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஒன்றரை மாதம் புண்ணோடு போராடினோம். 2020 ஜனவரியில், விரலை எடுக்காவிட்டால் காலுக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். சுண்டுவிரலை எடுத்தார்கள். அரசு ஆஸ்பத்திரி என்பதால் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் வீட்டில் வருமானம் என்பது அன்றோடு நின்றது. ஓனர் ஒரு தடவை வந்து பார்த்தார்; ஆயிரம் ரூபாய் கொடுத்தார்; மறுவாரம் வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? அவருக்கும் மாதத் தவணை ஓட வேண்டும் அல்லவா!

மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை. கட்டு மாற்ற தர்மபுரி போக முடியவில்லை. நல்லவேளையாக, ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அக்கா எனக்கு முன்பே கற்றுக்கொடுத்திருந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, சலைன் தண்ணீரால் புண்ணைக் கழுவு, தேய்க்காதே, ஒற்றி எடு, சுத்தமான காஸ் துணி வை, இறுக்கிக் கட்டாதே. மஞ்சள், சுண்ணாம்பு, வேப்பெண்ணெய் ஒன்றும் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினமும் அப்படியே செய்தேன். அப்போது கொஞ்ச நாள் இன்சுலின் ஊசியும் போட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, மூடி போட்ட டப்பாவில் மருந்தை வைத்து, நனைந்த துணியால் மூடி நிழலில் வைக்கச் சொன்னார்கள். பிரிட்ஜ் அளவு குளிராது. ஆனால் வெளிச் சூட்டிலிருந்து மருந்தைக் காப்பாற்றும். திறந்த குப்பியை நாலு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதே என்றும் சொல்லியிருந்தார்கள்.

புண் ஆறியது, மனசு ஆறவில்லை

சித்திரை முடிவதற்குள் புண் ஆறிவிட்டது. ஆனால் ஆளே மாறிவிட்டார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது லாரி ஹாரன் அடித்தால், "இது இன்னார் வண்டி" என்பார். சாப்பாடு போட்டால் பாதி தின்று எழுந்துவிடுவார். என்மேல் எரிந்து விழுவார். மாதம் இருபது நாள் வீட்டில் இல்லாத மனுஷன் இருபத்து நாலு மணி நேரமும் வீட்டில் இருந்தால், அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். சமையலறையில் எதை எங்கே வைப்பது என்று எனக்கே புத்தி சொல்ல ஆரம்பித்தார்!

என் தாலிக்கொடி தவிர மற்ற நகை எல்லாம் அடகுக் கடைக்குப் போனது. அத்தை தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பசுமாடு வாங்கினோம். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றினேன். சாணி அள்ளி, புல் அறுத்து, பால் கறந்துதான் அந்த வருஷம் அடுப்பு எரிந்தது.

ஒரு நாள் சாயந்திரம் என் மகன், அப்போது பதினொன்றாவது, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அம்மா, நான் படிப்பை நிறுத்திடறேன். நம்ம பக்கத்து வீட்டு மாமா வண்டிக்குக் கிளீனர் வேணுமாம்" என்றான். எனக்கு வார்த்தை வரவில்லை. திண்ணையிலிருந்து அவர் குரல் வந்தது. பல மாதத்துக்குப் பிறகு சத்தமாக வந்த குரல்.

"டேய்! நான் பதினாறு வயசுல ஏறினேன். அதுக்கு என் கால் விரலைக் குடுத்தேன். உன் காலாவது முழுசா இருக்கட்டும். போய்ப் புஸ்தகத்தை எடு!"

மறுநாள் காலையில் அவராகவே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். "ஆஸ்பத்திரிக்கு எப்பப் போகணும்?" என்று கேட்டார். மருந்து செய்யாததை மகனுடைய அந்த ஒரு பேச்சு செய்துவிட்டது.

மீண்டும் ரோட்டுக்கு

2021-ல் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. கனரக வண்டி ஓட்ட மருத்துவச் சான்றிதழ் வேண்டும். கண் பரிசோதித்தார்கள்; காலை வைத்து அழுத்திக் காட்டச் சொன்னார்கள்; மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனையைப் பார்த்தார்கள். தேறினார். அதைக் கையில் வாங்கி வந்த அன்று, எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவர் மாதிரி எல்லோருக்கும் காட்டினார்.

வேறொரு ஓனரிடம் வேலைக்குப் போனபோது நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "மறைக்காதீங்க. முதல்லயே சொல்லிடுங்க." சொன்னார். இரண்டு ஓனர்கள் வேண்டாம் என்றார்கள். மூன்றாமவர், "டபுள் டிரைவர் வண்டி இருக்கு. ராத்திரி அவர் ஓட்டட்டும், பகல்ல நீங்க ஓட்டுங்க. படி கொஞ்சம் குறையும்" என்றார். குறையட்டும் என்று ஏறிவிட்டார். இன்றுவரை அந்த வண்டிதான்.

கஷ்டம் வந்தால் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தவர்கள் பெண்களிலும் இருக்கிறார்கள். போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர். கணவர் இறந்த பிறகு குழந்தைகளைக் காப்பாற்ற லாரி ஓட்ட இறங்கினார். கேரளத்தைச் சேர்ந்த ஜலஜா ரதீஷ் குடும்பத்தோடு காஷ்மீர் வரைக்கும் லாரி ஓட்டிப் போயிருக்கிறார். இவர்களைப் பற்றி நான் சொன்னபோது என் வீட்டுக்காரர், "அப்ப நீயும் ஏறிக்கோ, டிரிபிள் டிரைவர் ஆயிடலாம்" என்று கிண்டல் செய்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்ட கிண்டல்!

என் "லாரி பெட்டி"

அதிரச டப்பாவுக்குப் பதிலாக இப்போது ஒரு தகரப் பெட்டி கட்டி அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்காரர் லாரியோ, பஸ்ஸோ, டூரிஸ்ட் வேனோ எதை ஓட்டினாலும் இது உதவும்.

1. வறுத்த கடலை, பொட்டுக்கடலை, கேழ்வரகு மாவு, சாமை அரிசி. எங்கள் பக்கத்து டிரைவர்கள் பலர் ஸ்டவ் வைத்து வழியிலேயே சமைத்துக்கொள்வார்கள். பரோட்டாவும் எண்ணெய் மிதக்கும் குருமாவும் தினமும் தின்பதைவிட, கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் எவ்வளவோ மேல். களி நல்லது என்று மூன்று உருண்டை விழுங்கினால் அதிலும் சர்க்கரை ஏறும், அளவு முக்கியம்.

2. ஒரு சின்னப் பொட்டலத்தில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை. இது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டி வைக்கக் கூடாது.

3. மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் போட்டு வைக்கும் டப்பா. டிரிப் நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைப்பேன். லோடு கிடைக்காமல் டில்லியில் பத்து நாள் உட்கார வேண்டி வரும் அல்லவா?

4. டாக்டர் சீட்டின் நகல் ஒன்று. போனில் எடுத்த படம் ஒன்று. மொழி தெரியாத ஊரில் அதைக் காட்டினால் போதும்.

5. சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி. எதற்கு என்கிறீர்களா? இரவு படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்க்க! கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எது இருந்தாலும் அன்றே தெரிந்துவிடும்.

6. எம்.சி.ஆர். செருப்பு. காலுக்கு மெத்தென்று இருக்கும், பின்னால் வார் வைத்தது. வெறுங்காலோடு ஓட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

7. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். வழியில் நிறுத்த வேண்டுமே என்று சிறுநீரை அடக்குவதும், அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் டிரைவர்களின் பழக்கம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நடுக்கமும் வியர்வையும் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறேன். முதலில் வண்டியை ஓரம் கட்டு. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி. கால் மணி நேரம் பொறு. சரியாகாவிட்டால் இன்னொரு தடவை குடி. பிறகு சாப்பிடு. முழுசாகத் தெளிந்து இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் வரை சாவியைத் தொடாதே. மயங்கிவிட்டால் கூட இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். அன்று கிளீனர் தம்பி ஊற்றியபோது இவருக்கு நினைவு இருந்ததால் தப்பித்தார்.

தெரிந்துகொள்ள வேண்டிய உதவிகள்

நம்மில் பலருக்கு இருக்கிற உதவியே தெரிவதில்லை. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டால் பிள்ளைகள் படிப்புக்கும், விபத்துக்கும், வயதான பிறகும் உதவி உண்டு. நாங்கள் விரல் போன பிறகுதான் பதிவு செய்தோம்! முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் எடுத்து வைத்திருங்கள். 2021 ஆகஸ்டில் நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு மாத்திரை வீடு தேடி வந்தது. மாத்திரை கொண்டுவந்த பெண்ணிடம், "இவர் டிரிப் போகிறவர்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அதே 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்றது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். 1986-ல் எய்ட்ஸ் கிருமி நம் சென்னையில்தான் நாட்டிலேயே முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு ரொம்ப காலம் லாரி டிரைவர் வீட்டுப் பெண்களை ஊர் சந்தேகமாகவே பார்த்தது. பரிசோதனை செய்துகொள்வது அவமானம் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் ரகசியமாக, இலவசமாகச் செய்கிறார்கள். நாங்கள் இருவருமே செய்துகொண்டோம். சந்தேகத்தை மனசில் வைத்துப் புழுங்குவதைவிட அது எவ்வளவோ நல்லது.

இப்போது

என் வீட்டுக்காரர் முழுசாகக் குணமாகிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை போய்விடுகிற வியாதி இல்லை. போன வருஷம்கூடக் கண் பரிசோதனையில் விழித்திரையில் லேசான மாற்றம் இருக்கிறது என்றார்கள். வருஷா வருஷம் பார்க்க வேண்டும். எத்தனை நாள் இந்தத் தொழிலைச் செய்ய முடியும் என்பதும் தெரியாது. கண் ஒத்துழைக்காவிட்டால் தானே இறங்கிவிடுவதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். அதற்குள் அடகிலிருந்து நகையை மீட்டுவிட்டோம். அத்தையின் கம்மலை முதலில் மீட்டோம். மாடு இப்போது மூன்று. மகன் டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலைக்குப் போகிறான்.

நேற்று ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம்போல் போன் செய்தேன். ஆதிலாபாத் தாண்டி நிற்பதாகச் சொன்னார்.

"சாப்பிட்டாச்சா?" என்றேன்.

"ஆச்சு. களி கிண்டினோம். தம்பிதான் கிண்டினான், கட்டி கட்டியா."

"காலைப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. ஒம்போது விரலும் சௌக்கியம்" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் மாத்திரையைக் கேட்டேன்.